ராஜா பெத்த பிள்ளையா நம்ம வீரன்?

சின்ன வயசில் ஊர்த் திருவிழாவுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் போடுவாங்க. அதில் ‘மதுரை வீரன்’ (1956) கட்டாயம் இருக்கும். எம்.ஜி.ஆர். குதிரையில் வந்தால் எங்க அப்பாயி கையெடுத்துக் கும்பிடும். நடிகனையா, சாமியையா? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சேரி எல்லையில் வாளோடு நிற்கிற நம்ம சாமி திரையில் சிரிக்குது, பேசுது. அது போதும்.

போன மாதம் அதே படத்தைக் கைபேசியில் பார்த்தேன். ஆரம்பமே முள்ளாய்க் குத்தியது. அரசனுக்குப் பிறந்த குழந்தை நாட்டுக்கு ஆகாது என்று சோசியம் சொல்ல, காட்டில் விட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் தம்பதி (என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும்) எடுத்து வளர்க்கிறார்கள். ஆக, வீரம் ராஜ ரத்தத்துக்கு. வளர்த்த பாடு மட்டும் நம்ம சனத்துக்கு. பாளையக்காரன் மகள் பொம்மியை அவன் கைப்பிடிக்கலாம். அவன் ‘நிஜமாகவே’ சக்கிலியன் இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியுமே! சாதியை மீறியும் சாதிக்கு ஒரு கீறல் இல்லை. இது சினிமாக்காரன் மட்டும் செய்த சூதல்ல. அச்சேறிய கதைப்பாடலிலும் வீரன் காசிராஜன் பிள்ளைதான்.

‘நந்தனார்’ (1942) படத்தில் தண்டபாணி தேசிகரின் குரலுக்கு நானும் உருகியிருக்கிறேன். இப்பவும் உருகுகிறேன். ஆனால் நந்தன் நந்தனாகவே தில்லைக் கோயிலுக்குள் போக முடியாது, தீயில் இறங்கணும். ஒருத்தனுக்குப் பிறப்பை மாற்றினார்கள். இன்னொருத்தனுக்கு உடம்பையே கொளுத்தினார்கள்.

‘மதுரை வீரன்’ வந்த அதே 1956இல், அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அவர் எந்த ராஜாவையும் அப்பனாக்கிக்கொள்ளவில்லை. மதத்தைத்தான் உதறினார், பிறப்பை மறைக்கவில்லை.

2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். காதலித்து மணந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள். சங்கர் கூலித் தொழிலாளியின் மகன். கடைசி ரீலில் ‘இவன் ராஜா பெத்த பிள்ளை’ என்று சொல்லிக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அப்படி ஒரு சான்றிதழ் இருந்தால்தான் நம்ம பையன் காதலிக்கலாம் என்கிற பொதுப்புத்தியை இந்தப் படங்கள் பாலோடு சேர்த்து நமக்குப் புகட்டியிருக்கின்றன.

அதுக்காக அப்பாயியின் கும்பிடைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. அது கும்பிட்டது ராஜா மகனையல்ல. பொய்ப்பழி சுமந்து மாறுகால் மாறுகை வெட்டுப்பட்ட நம்ம பிள்ளையை. கதை எழுதினவன் பிறப்பை மாற்றினான். கும்பிட்ட கை மாற்றவில்லை.

மாணவத் தோழர்களே, பழைய படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். சேரியில் திரைகட்டிப் போடுங்கள். படம் முடிந்ததும் நீங்கள் பேசாதீர்கள், கிழவிகளைப் பேசவிடுங்கள். ‘வீரன் யார் பெத்த பிள்ளை ஆத்தா?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழின் தலையங்கம் அதுதான்.