மடிக்கும் கைப்பேசியும் மடியிலுள்ள காசும்

விஞ்ஞானத்தின் புதுமை எதுவாயினும் அதனைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பதே முற்போக்கு என்றோர் எண்ணம் எம்மவரிடையே, அதிலும் கற்றோரிடையே, வேரூன்றி வருகின்றது. இவ்வெண்ணம் இன்று மடிக்கும் கைப்பேசியின் உருவிலே எம்முன் வந்து நிற்கின்றது. கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுமுறையில் ஊர் திரும்புவோரின் கைகளில் அது தோன்றத் தொடங்கிவிட்டது. ஆசிரியர் கூடுமிடங்களில் அதனை வாங்கலாமா, கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானதா என்று விவாதம் நடக்கின்றது. மாணவரோ விவாதிப்பதில்லை, ஆசைப்படுகின்றனர். ஒரு பண்டத்தை வாங்க இயலாதவரின் வாயிலும் அதன் பெயர் ஓயாது ஒலிக்குமாயின், அவ்வொலியை எழுப்புவோர் யாவர், எதன்பொருட்டு எழுப்புகின்றனர் என்று கேட்பது எமது கடமையாகின்றது.

முதலில் பண்டத்தையே பார்ப்போம். 2019 பெப்ரவரியில் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் தனது முதலாவது மடிக்கும் கைப்பேசியை 1,980 டொலர் விலை குறித்து அறிவித்தது. ஏப்ரலில் சோதித்தறியும் பொருட்டுப் பத்திரிகையாளரிடம் கொடுத்தது. சில நாட்களுக்குள் அவற்றுட் பலவற்றின் திரைகள் பழுதாயின. திரையின் மேலிருந்த மெல்லிய படலத்தைப் புதுப்பொருளோடு ஒட்டிவரும் காப்புத்தாள் என்றெண்ணிச் சிலர் உரித்தெடுக்க, திரையே போய்விட்டது. வேறு சிலவற்றிற் பிணைச்சலின் இடுக்கு வழியே துகள் உட்புகுந்தது. விற்பனையை ஒத்திவைத்து, செப்டெம்பரிலேதான் திருத்திய வடிவத்தைச் சந்தைக்கு விட்டனர். அதே ஆண்டில் ஹுவாவே நிறுவனம் தனது கைப்பேசிக்கு 2,299 யூரோ விலை கூறியது. இவர்களுக்கெல்லாம் முன்னதாக, 2018இன் இறுதியில், மடிக்கும் கைப்பேசியை வெளியிட்டுப் புகழெய்திய ரோயோல் என்னும் சீனக் கம்பனியோ பின்னர் வங்குரோத்தாயிற்று.

இவையெல்லாம் பழங்கதை, இன்று பண்டம் திருந்திவிட்டது என்பர். திருந்தியது உண்மையே, அதை மறுப்பது நேர்மையாகாது. 2020இலிருந்து பிளாத்திக்குப் படலத்திற்குப் பதிலாக மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி வந்தது. பிணைச்சல் உறுதிபெற்றது, கனமும் தடிப்பும் குறைந்தன. ஆயினும், 2025 ஜூலையில் வெளிவந்த சாம்சங்கின் ஏழாவது மடிக்கும் கைப்பேசியின் விலை 1,999 டொலர். ஆறாண்டுகளிற் பண்டம் திருந்திற்று, விலை திருந்தவில்லை. புத்தகம்போல் விரியாது, சிமிழ்போல் மூடிக்கொள்ளும் மற்றொரு வகை உண்டு. 2023இல் மோட்டோரோலா அவ்வகையில் ஒன்றை 699 டொலருக்கு விற்றது. அதனை விரித்தாற் கிடைப்பது சாதாரணக் கைப்பேசியின் திரையே. சட்டைப்பையில் பாதி இடம் மிச்சமாகின்றது என்பதற்கு மேல் அதனாலாய பயன் யாதென்று எமக்கு விளங்கவில்லை.

டொலர்க் கணக்கு எம்மை மயக்கும். எனவே உழைப்பின் கணக்கிலே பார்ப்போம். 2025ஆம் ஆண்டின் நாணயமாற்று விகிதத்தில் 1,999 டொலர் ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா. வரியும் வியாபாரியின் இலாபமும் இதன் மேற்பட்டவை. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, அதுவும் படிப்படியாக, உயர்த்துவதாகக் கூறிற்று. அவ்வூழியர் உண்ணாது உடாது பதினைந்து மாதம் உழைத்தால் இக்கைப்பேசி ஒன்று கிட்டும். மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபா. அவர் 444 நாட்கள் கொழுந்து பறிக்கவேண்டும். எமது கடற்கரையிற் கரைவலை இழுப்பவனின் பங்கைக் கணக்கிடவே இயலாது. சில நாட்களில் வலை வெறுமையாகவே கரையேறும்.

இனி, வாங்கியவனின் கதை. கல்முனைக்குடி மணலால் ஆன ஊர். கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்திற்குக் கூடுவோரின் காலடியிலும், எமது ஒழுங்கைகளிலும், பாயிலும், சோற்றிலுங்கூட மணல் இருக்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் வேகத்தை இக்கரையிற் சைக்கிள் வைத்திருப்பவன் அறிவான். மடிக்கும் கைப்பேசியின் உயிர்நிலையோ பிணைச்சல். நீண்டகாலம் இக்கைப்பேசிகள் நீருக்குக் காப்புடையனவென்று விளம்பரம் செய்யப்பட்டன. தூசியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 2024இல் சாம்சங் பெற்ற தரக்குறியும் ஒரு மில்லிமீற்றரிலும் பெரிய துகள்களையே தடுக்குமெனக் கூறுவது. எமது கடற்கரை மணலின் பருமன் எவ்வளவென்பதை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே தெரியும். 2025இல் கூகுள் நிறுவனத்தின் ஒரு வகை தூசிக்கு முழுக்காப்பு உடையதென அறிவிக்கப்பட்டது. ஒன்று வந்துவிட்டது என்பதற்காக மற்றவற்றின் குறை நீங்கிவிடாது. இரண்டு இலட்சம் முறை மடித்தும் உடையவில்லை என்கின்றனர். மடித்தது தூய்மையான ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரம். மணல் ஒட்டிய விரல்களல்ல. உட்திரை பழுதானால் அதனை மாற்றும் செலவில் நல்ல சாதாரணக் கைப்பேசிகள் இரண்டு மூன்றை வாங்கிவிடலாம். (ஓலைச்சுவடியின் காலத்திலிருந்து மனிதன் மூடித் திறக்கும் பொருள்களிலேயே படித்து வருகின்றான். நூலுக்குப் பிணைச்சற் கோளாறு வந்ததாக எவரும் முறையிட்டதில்லை.)

இத்தகைய பண்டத்தைப் பெரும் நிறுவனங்கள் ஏன் இவ்வளவு முயன்று விற்கின்றன? விடை சந்தையின் புள்ளிவிபரத்தில் உளது. 2016இல் உலகெங்கும் ஏறத்தாழ 147 கோடி கைப்பேசிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அத்தொகை 117 கோடியாகச் சுருங்கிற்று. கைப்பேசி வேண்டியவரிற் பெரும்பாலோர் அதனைப் பெற்றுவிட்டனர். பெற்றதும் பழுதின்றி நாலைந்து ஆண்டு உழைக்கின்றது. பொருள் நன்றாக உழைப்பது மக்களுக்கு நன்மை; முதலாளிக்கு அதுவே நெருக்கடி. எண்ணிக்கையைப் பெருக்க இயலாதபோது ஒவ்வொன்றின் விலையையும் பெருக்குவதே அவன் கண்ட வழி. இதிற் புதுமை ஏதுமில்லை. 1924இல் ஜெனீவாவிற் கூடிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஃபீபஸ் என்ற பெயரிற் கூட்டுச் சேர்ந்து, மின்குமிழ் ஆயிரம் மணித்தியாலத்திற்கு மேல் எரியலாகாது என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். கூடுதலாக எரியும் குமிழைச் செய்தவனுக்குத் தண்டமும் விதித்தனர். இன்று அத்தகைய இரகசிய ஒப்பந்தங்கூடத் தேவையில்லை. கையிலிருப்பது பழையது என்ற வெட்கத்தை ஊட்டிவிட்டாற் போதும். உழைக்கும் பொருளை நாமே ஒதுக்கிவிடுவோம். பயன்பெறுமதி தீராத பொருளின் மதிப்பை விளம்பரத்தினால் தீர்த்துவிடும் கலை இது.

ஆயினும் உலகில் விற்கும் கைப்பேசிகளுள் மடிப்பவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. செல்வந்த நாடுகளின் மக்களே பெரும்பாலும் வேண்டாமென்று விலகி நிற்கும் பண்டத்தை, 2022 ஏப்ரலிற் கடன் கட்ட இயலாதென்று கைவிரித்த நாட்டின் மக்களாகிய நாம் முன்னேற்றத்தின் சின்னமாகக் கொள்வது வேடிக்கையே. அந்நெருக்கடியின் நாட்களை இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா? 2022 மார்ச்சில் கடதாசி வாங்க டொலர் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கடதாசிக்கு இல்லாத அந்நியச் செலாவணிதான் இக்கைப்பேசிக்கும் செல்கின்றது என்பதைப் பொருளியல் படிக்கும் எந்த மாணவனும் அறிவான்.

எம்மை இயந்திர விரோதிகள் என்பார்க்கு ஒன்று கூறுவோம். கைப்பேசியினால் ஏழைக்கு விளைந்த நன்மையை நாம் நன்கறிவோம். கேரளக் கரையில் 1997க்கும் 2001க்கும் இடையிற் கைப்பேசிச் சேவை வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் மத்தி மீனோடு ஒரு துறையில் இறங்கியவன் அங்கு வாங்குவாரின்றி மீனைக் கடலிற் கொட்டுவான். சில கல் தொலைவிலுள்ள மறுதுறையிலோ மீன் கிடையாது மக்கள் திரும்புவர். கடலில் இருந்தபடியே துறைதோறும் விலை கேட்கும் வசதி வந்ததும் வீணாகும் மீன் இல்லாதொழிந்தது. மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 அளவில் உயர, வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 அளவிற் குறைந்தது. விற்றவனும் வாங்கியவனும் ஒருங்கே பயன்பெற்ற அபூர்வ நிகழ்ச்சி இது. இதனைச் சாதித்தது பேசவும் கேட்கவும் மட்டுமே வல்ல மலிவான கைப்பேசி. எமது மீனவனும் இன்று பொலித்தீன் பையிற் சுற்றி மடியில் முடிந்துகொண்டு கடலுக்குக் கொண்டுசெல்வது அத்தகையதையே. விஞ்ஞானம் மக்களுக்குப் பணிசெய்தது அங்கே. அதற்கு மடிப்புத் தேவைப்படவில்லை.

பாடசாலையின் பக்கம் திரும்புவோம்; எமக்கு மிக நெருங்கிய இடம் அதுவே. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஒக்டோபர் வரை பாடசாலைகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. கற்பித்தல் கைப்பேசிக்குப் பெயர்ந்தது. பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் லேர்ன்ஏசியா நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பின்படி, 18 வயதிற்குக் குறைந்த பிள்ளைகள் வாழும் குடும்பங்களுள் இணைய இணைப்புடையவை நூற்றுக்கு 34 மட்டுமே. ஊவா மாகாணத்தின் போகித்தியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே நடந்து மலைப்பாறையில் ஏறி அமர்ந்து படித்த செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. எமது கரையிற் பாறை இல்லை. ஆனாற் காத்திருத்தல் இருந்தது. வீட்டின் ஒரே கைப்பேசி வாப்பாவோடு கடலுக்கோ வயலுக்கோ போய்விடும். அவர் திரும்பிய பின்னர் மூத்தவள் பார்த்து, இளையவன் பார்த்து, கடைசிப் பிள்ளையின் முறை வருமுன் டேட்டா தீர்ந்துவிடும். அக்கடைசிப் பிள்ளை இன்று எமது வகுப்பில் இருக்கின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் மாணவர் சிலரின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2021இல் அவர்கள் எந்த வகுப்பில் இருந்திருப்பர் என்பது புலப்படும். ஒரு மடிக்கும் கைப்பேசியின் விலையில் இருபதாயிரம் ரூபாச் சாதாரணக் கைப்பேசிகள் முப்பது வாங்கலாம். ஒரு வகுப்பறை முழுவதற்கும் போதும்.

அந்நாட்களில் தம் சொந்தக் கைப்பேசியையும் சொந்தக் காசில் வாங்கிய டேட்டாவையும் கொண்டு கற்பித்த ஆசிரியர்கள், 2021 ஜூலையிற் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலினின்று விலகினர். ஒரு சில ஆயிரம் ரூபாவுக்காக மூன்று மாதம் போராடிய சமூகத்தில், ஆறு இலட்சத்துக் கைப்பேசிக்காக இடர் கடனுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பாரும் உளர் என்று கேள்விப்படும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இடர் எது என்பதை விண்ணப்பப் பத்திரத்தில் எவ்வாறு எழுதுவர்? மணமகள் வீட்டாரே வீடு கட்டிக் கொடுக்கவேண்டுமென்னும் வழக்கமுள்ள எமது பிரதேசத்தில், நாளை இக்கைப்பேசியும் சீதனப் பட்டியலில் ஏறாதென்பதற்கு உத்தரவாதம் யாது?

இப்பண்டத்தைச் செய்யும் கைகளையும் ஒரு கணம் நினைத்தல் தகும். சாம்சங்கின் கொரியக் குறைகடத்தி ஆலையிற் பணிபுரிந்து இரத்தப் புற்றுநோயால் 2007இல் இறந்த இளம்பெண்ணுக்கு நியாயம் கேட்டு, வாடகைக் கார் ஓட்டியான அவளது தந்தை பதினோராண்டு போராடினார். 2018 நவம்பரிலேதான் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நட்டஈடு வழங்க இணங்கிற்று. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரை அடுத்துக் குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் செய்யும் அதே நிறுவனத்தின் ஆலையில், 2024 செப்டெம்பர் 9இலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமது சங்கத்தை அங்கீகரிக்க வேண்டுமென்பது அவர்களது தலையாய கோரிக்கை. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். திரையை மடிக்கும் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு, தொழிலாளி சங்கம் அமைப்பதைச் சகிக்கும் நுட்பம் மட்டும் ஏனோ கைவரவில்லை.

எம்மோடு வாதிட்ட நண்பர் ஒருவரின் கூற்று பொருட்படுத்தத் தக்கது. பாடக்குறிப்பும் வினாத்தாளும் இன்று கைப்பேசியிலேயே வருகின்றன. சிறிய திரையிற் படித்துக் கண் நோகின்றது. விரியும் திரை வாசிப்போனுக்கு வரப்பிரசாதம் என்பது அவர் வாதம். கண் நோவது மெய். அதற்கு மருந்து ஒரு சாதாரணக் கைப்பேசியும் ஒரு சாதாரணத் தட்டுக் கணினியும். இரண்டும் சேர்ந்தும் மடிப்பதன் விலையிற் பாதி வராது. ஒன்று உடைந்தால் மற்றது எஞ்சும். பிரயாணத்திலேயே காலங்கழித்து, பெரிய வரைபடங்களையும் கணக்கேடுகளையும் கையிலேந்தித் தொழில் செய்வோர் சிலருக்கு இப்பண்டம் பயன்படலாம், அவர்கள் வாங்கட்டும். கூலிக்கும் சம்பளத்துக்கும் வாழ்வோர் வாங்கத் தக்கதன்று என்பதே எமது முடிபு. கையிலிருக்கும் கைப்பேசியின் மின்கலத்தைக் கல்முனைக் கடைத்தெருவிற் கொடுத்து மாற்றினால் அது இன்னும் ஈராண்டு உழைக்கும்.

செய்யவேண்டிய காரியம் ஒன்றுளது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20இலிருந்து, கைப்பேசியொன்றின் விற்பனை நின்ற பின்னரும் ஏழாண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டுமென்று விதித்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த எமது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் இத்தகைய விதியைக் கோரி ஆசிரியர் சங்கக் கிளைகள் எழுதலாம். மாணவர் மன்றங்கள் கையொப்பம் திரட்டலாம். முதல் வினா இதுவாக இருக்கட்டும்: இந்நாட்டில் விற்கப்படும் மடிக்கும் கைப்பேசியின் உட்திரை உடைந்தால், அம்பாறை மாவட்டத்தில் அதனை மாற்றித் தருவோர் யார், எத்தனை நாளில், எத்தனை ரூபாவுக்கு?