பத்துப் பேர் கையில் ஒரு நகரம்

2016-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில், எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிச் செல்லும் ரஸ்லிங்ஸ் சாலையில் குடியிருப்பவர்கள், பொழுது புலர்வதற்கு வெகு நேரம் முன்பாகவே, போலீஸார் கதவைத் தட்டும் ஓசை கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார்கள். வாசலில் நிற்கும் கார்களை அப்புறப்படுத்துங்கள், மரம் வெட்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதே வந்தவர்கள் சொன்ன செய்தி. அந்த இருட்டில் விளக்கு வெளிச்சத்தின் துணையோடு எட்டு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. தடுக்கப் போனவர்களில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாதும், அந்த வயதை அப்போதுதான் எட்டியிருந்த மற்றொரு மாதும் கைதானார்கள். அவர்கள்மீது பிரயோகிக்கப்பட்டது தொழிற்சங்கங்களைப் பற்றிய 1992-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஒரு பிரிவு. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அந்த எட்டு மரங்களில் ஏழைக் காப்பாற்றலாம் என்று நகரசபை தானே நியமித்திருந்த சுயேச்சையான நிபுணர் குழு யோசனை கூறியிருந்தது. அந்த யோசனை பொதுஜனங்களுக்கு வெளியிடப்பட்டதோ, கோடரி விழுந்த அதே விடியற்காலையில்தான்.

2021-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி நடந்த ஷெஃபீல்டு நகரசபைத் தேர்தலின் முடிவைப் பற்றி எழுத வந்தவன், ஐந்து வருஷத்துக்கு முந்திய ஒரு விடியற்காலையிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. அந்த முடிவை வெறும் எண்களாகப் பார்த்தால், தொழிற்கட்சி எட்டு இடங்களை இழந்தது, 84 அங்கத்தினர் கொண்ட சபையில் அதன் பலம் 41 ஆகக் குறைந்தது, பெரும்பான்மைக்கு இரண்டு இடம் போதாமல் போயிற்று என்பதோடு விஷயம் முடிந்துவிடும். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 29, பசுமைக் கட்சிக்கு 13, கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரே ஒரு இடம். இங்கிலாந்தின் பெருநகரங்களில் தொழிற்கட்சி முதன்முதலாக அதிகாரத்துக்கு வந்தது 1926-இல், இதே ஷெஃபீல்டில்தான் என்பதையும், இடையில் சிற்சில வருஷங்கள் நீங்கலாக அந்த எஃகு நகரம் அக்கட்சியின் அசையாத கோட்டையாகவே விளங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, இந்த எண்களே போதிய அதிர்ச்சியைத் தரத்தான் செய்கின்றன. சபையின் தலைவராக இருந்த பாப் ஜான்சனே தம்முடைய ஹில்ஸ்பரோ வட்டத்தில் பசுமைக் கட்சி வேட்பாளரிடம் தோற்றுப் போனார்.

ஆயினும் என் அபிப்பிராயத்தில் அன்றைய தினத்தின் பிரதானமான முடிவு இவற்றில் எதுவும் அல்ல. அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்பதற்கான சீட்டோடு கூடவே வாக்காளர் கையில் வேறொரு சீட்டும் கொடுக்கப்பட்டது. இந்த நகரசபை எந்த முறைப்படி ஆளப்பட வேண்டும், தலைவரும் அவருடைய மந்திரிசபை போன்ற சிறு குழுவும் தீர்மானிக்கும் முறையா, எல்லா அங்கத்தினரும் பங்கு கொள்ளும் கமிட்டி முறையா என்பது அதில் கேட்கப்பட்ட கேள்வி. கமிட்டி முறைக்கு 89,670 வாக்குகள். இருந்துவந்த முறைக்கு 48,727. மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கினர், ஆட்களை மட்டும் மாற்றினால் போதாது, ஆளும் வகையையே மாற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

பார்வைக்கு உப்புச் சப்பற்ற நிர்வாகப் பிரச்னையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு இத்தனை பேர் எப்படி அக்கறையோடு பதில் சொன்னார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, மறுபடியும் அந்த மரங்களுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

2012-இல் ஷெஃபீல்டு நகரசபை, தன் சாலைகளையும் நடைபாதைகளையும் தெருவிளக்குகளையும் பராமரிக்கும் பொறுப்பை 25 வருஷங்களுக்கு, ஏமி என்ற தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. சுமார் 220 கோடி பவுன் பெறுமானமுள்ள அந்த ஒப்பந்தத்தில் சாலையோரத்து மரங்களும் அடங்கின. நகரத்தில் அப்போது இருந்த சாலை மரங்கள் ஏறத்தாழ 36,000. பட்டுப்போன மரம், நோயுற்ற மரம், ஆபத்தான மரம் என்று வகை பிரித்துக்கொண்டே போய், நடைபாதைக் கல்லை வேரால் தூக்கிய மரத்தையும் நகரசபை அந்த வரிசையில் சேர்த்தது. பெயர்ந்த கல்லைச் சரிப்படுத்துவதற்கு வேறு எத்தனையோ உபாயங்கள் இருக்க, மரத்தையே எடுத்துவிடுவது எளிதென்று கருதப்பட்டது. ஒரு பள்ளியிலிருந்து முதலாம் உலக யுத்தத்தில் சேவை செய்யச் சென்ற பழைய மாணவர்களின் ஞாபகார்த்தமாக வெஸ்டர்ன் சாலையில் நடப்பட்டவை, செல்ஸி சாலையில் அபூர்வமான ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்குப் புகலிடமாக நின்ற எல்ம் மரம், இவையெல்லாம்கூட அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. இத்தனை மரம் வெட்டியே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை என்று நகரசபை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. 17,500 மரங்களை அகற்றி வேறு மரங்களை நட வேண்டும் என்ற ஷரத்து அதில் இருந்தது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது.

இவ்வளவும் நடந்தபோது ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 84 பேரும் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் எங்கும் போய்விடவில்லை; ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த விஷயத்தில் சொல்லும்படியான அதிகாரம் கிடையாது. டோனி பிளேர் பிரதமராக இருந்த காலத்தில், 2000-ஆம் வருஷத்தில் நிறைவேறிய ஸ்தல ஸ்தாபனச் சட்டம், அதுவரை இங்கிலாந்தின் நகரசபைகளில் வழக்கமாக இருந்த கமிட்டி முறையைப் பெரும்பாலும் ஒழித்து, தலைவரும் அவரோடு அதிகம் போனால் ஒன்பது பேரும் சேர்ந்து தீர்மானிக்கும் முறையைப் புகுத்தியது. கமிட்டிகள் காலத்தை விரயமாக்குகின்றன, எவர் பொறுப்பு என்று சுட்டிக்காட்ட முடியாமல் போகிறது என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை அற்பமானவை என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அனுபவத்தில் கண்டது என்ன? பத்துப் பேர் தீர்மானித்தார்கள். மீதி 74 பேர், ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள் உள்பட, தீர்மானமான பிறகு விமர்சிக்கும் உரிமையோடு திருப்தியடைய வேண்டியிருந்தது. தன் தெருவின் மரத்துக்காகத் தன் அங்கத்தினரிடம் முறையிடும் பிரஜைக்கு, "நானும் உங்களைப் போலத்தான், கேட்டுப் பார்க்கிறேன்" என்பதற்கு மேல் அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

2011-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று கமிட்டி முறைக்குத் திரும்புவதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. வாக்காளரில் நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் அதைப் பற்றி ஜனவாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஷெஃபீல்டில் அதற்கு வேண்டியவை ஏறக்குறைய இருபதாயிரம் கையெழுத்துக்கள். நகரத்தின் சாதாரண ஜனங்கள் சந்தையிலும் கடைவாசலிலும் மேஜை போட்டு உட்கார்ந்து 26,000-க்கு மேற்பட்ட கையெழுத்துக்களை, காகிதத்தில் பேனாவால் இட்ட கையெழுத்துக்களை, திரட்டிக் கொடுத்தார்கள். கொள்ளை நோயினால் ஒரு வருஷம் தள்ளிப்போன வாக்கெடுப்புத்தான் 2021 மே மாதத்தில் நடந்தது. தொழிற்கட்சித் தலைமை பழைய முறையையே ஆதரித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அன்று அக்கட்சி ஒரே நாளில் இரண்டு முறை தோற்றது என்றே சொல்ல வேண்டும்.

இது வசதி படைத்தவர்களின் சச்சரவு, நிழல் மரங்கள் அடர்ந்த தென்மேற்குப் பகுதியின் வீட்டுக்காரர்கள் தங்கள் தெருவின் அழகுக்காகப் போட்ட கூச்சல் என்று சிலர் சொன்னார்கள். இந்த ஆக்ஷேபத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஷெஃபீல்டு ஒரே நகரமாகப் பெயர் பெற்றிருந்தாலும், மேற்கே செல்வமும் கிழக்கே வறுமையுமாகப் பிளவுண்டு கிடக்கும் நகரம் அது. ஆனால் தலைவரைத் தோற்கடித்த ஹில்ஸ்பரோ அந்தச் செல்வப் பகுதியைச் சேர்ந்ததல்ல. நகரசபை கட்டிய வாடகை வீடுகள் நிறைந்த க்ளெட்லெஸ் வாலியிலும் பசுமைக் கட்சி வென்றது. மரம் இல்லாத தெருவில் வசிப்பவனுக்கும், தன்னைக் கேளாமலே தன் நகரத்தைப் பற்றி முடிவு செய்கிறார்கள் என்ற மனக்குறை பொதுவானதுதான்.

தேர்தலுக்குப் பின் தொழிற்கட்சி பசுமைக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து நிர்வாகம் அமைத்தது. அதில் இடம் பெற்றவர்களில் ஒருவர் அலிசன் டீல். இவரைத்தான், மரம் வெட்டுவதற்குக் குறுக்கே நின்றார் என்று சொல்லி, நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டி, 2017-இல் இதே நகரசபை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தது; நிரூபணமானால் சிறைவாசம் விதிக்கக்கூடிய அந்த வழக்கை அந்த ஆண்டு அக்டோபரிலேயே நீதிபதி தள்ளுபடி செய்தார். தன் சபையினாலேயே வழக்குத் தொடரப்பட்ட ஓர் அங்கத்தினர், நான்கு வருஷம் கழித்து அந்தச் சபையின் நிர்வாகக் குழுவில், பூங்காக்களைக் கவனிக்கும் பொறுப்போடு அமர்ந்தார். தேர்தல் என்ற ஏற்பாட்டின்மீது நம்பிக்கை தளரும்போதெல்லாம் நான் நினைத்துப் பார்க்கும் சம்பவங்களில் இதுவும் ஒன்று.

2022 மே மாதத்தில் கமிட்டி முறை அமலுக்கு வந்தது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷத் தேர்தல்களிலும் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆகவே கட்சிகள் கமிட்டிகளில் ஒன்றுகூடிப் பேசித் தீர வேண்டியிருக்கிறது. கமிட்டி என்ற பெயரே ஒரு மந்திரமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கதவை மூடிக்கொண்டு பேச விரும்புகிறவர்கள் எந்த முறையிலும் மூடிக்கொள்வார்கள். நீண்ட கால ஒப்பந்தங்களின் ஷரத்துக்களை ஜனங்களின் பார்வைக்கு வைக்கும் வழக்கம் ஏற்படாதவரையில், முறை மாற்றம் பாதி வேலைதான்.

ஐக்கிய நாடுகள் சபையில் உயர் பதவி வகித்த சர் மார்க் லோகாக் தலைமையில், இந்த மரம் வெட்டும் விவகாரத்தைப் பற்றி நடந்த விசாரணையின் அறிக்கை 2023 மார்ச்சில் வெளிவந்தது. நகரசபை தன் அதிகாரத்தை நியாயமான எல்லைக்கு அப்பாலும் நீட்டியது என்றும், பொதுஜனங்களை மட்டுமன்றி நீதிமன்றத்தையும் தவறான எண்ணம் கொள்ளச் செய்தது என்றும், ஆரோக்கியமாயிருந்த ஆயிரக்கணக்கான மரங்கள் பறிபோயின என்றும் அது கண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நகரசபை தன் பிரஜைகளிடம் விரிவாகவும் பகிரங்கமாகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. வெட்டும் வேலை 2018-இல் நிறுத்தப்படுவதற்குள் சாய்ந்த மரங்கள் ஐயாயிரத்துக்கு மேல். ரஸ்லிங்ஸ் சாலையின் எட்டும் அவற்றுள் அடக்கம்.