கல் சுமந்த ஓவியர்

இந்தியாவின் போபால் நகரில் ‘பாரத் பவன்’ என்றொரு கலை நிலையம் இருக்கிறது. 1982இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டும்போது நாட்கூலிக்குக் கல் சுமந்தவர்களில் பூரி பாய் என்ற இளம்பெண்ணும் ஒருவர். ஊர் ஜாபுவா மாவட்டத்துப் பிட்டோல் கிராமம். பீல் பழங்குடியைச் சேர்ந்தவர். படிப்பு இல்லை, ஹிந்தியும் சரியாகத் தெரியாது.

அங்கே கலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன், ‘உங்கள் வீடுகளில் என்ன படம் வரைவீர்கள்?’ என்று அந்தக் கூலிப் பெண்களிடம் கேட்டார். தாளும் நிறமும் கொடுத்தார். கல் சுமப்பதற்குக் கிடைத்ததை விடக் கூடுதல் கூலியும் கொடுத்தார். அதே பூரி பாய்க்கு 2021இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் ‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்று பலரும் எழுதுகிறார்கள். நமக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. சிறு வயதிலேயே செம்மண், வெள்ளைக் களிமண், மஞ்சள், ரொட்டி சுடும் தட்டின் கரி ஆகியவற்றால் வீட்டுச் சுவரில் வரைந்தவர் அவர். தாளும் கடை நிறமும் மட்டும்தான் அவருக்குப் புதிது.

பீல் ஓவியத்தில் மானும் மயிலும் மரமும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். அந்தப் புள்ளிகள் முன்னோரைக் குறிப்பதாகச் சொல்வார்கள். நேர்ச்சைக்காகச் சுவரில் வரையும் பித்தோரா குதிரைகளை ஆண்கள் மட்டுமே வரைவது அவர்களது வழக்கம். பூரி பாய் அந்த வழக்கத்தை மீறவில்லை. ஆனால் தான் பார்த்த பஸ்ஸையும் விமானத்தையும் அதே புள்ளிகளோடு வரைந்தார். போபால் பழங்குடி அருங்காட்சியகச் சுவரில் தன் வாழ்க்கைக் கதையையே வரைந்திருக்கிறார். பாரம்பரியம் என்பது பழையதைப் பார்த்துக் கொப்பியடிப்பதல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

கலைக்காகக் கட்டிய கட்டடத்துக்குக் கல் சுமந்தவரே கலைஞராக இருந்திருக்கிறார். ஒருவர் கேட்டபடியால் அது தெரிய வந்தது. கேட்கப்படாமலே கல் சுமந்து முடித்தவர்கள் எத்தனை பேரோ!

நாமும் அப்படித்தான். படித்தவர் செய்தால் கலை என்கிறோம், படிக்காதவர் செய்தால் கைவேலை என்கிறோம். பிள்ளை சித்திரப் பாடம் எடுக்கப்போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, ‘எத்தனை புள்ளி எடுத்தாய்?’ என்று தினமும் கேட்கிறோம். ‘உனக்கு என்ன செய்ய விருப்பம்? உன் வீட்டில் யாருக்கு என்ன கைவேலை தெரியும்?’ என்றும் ஒரு நாள் கேட்போம். பதில் வந்தால், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு தாளையும் கொடுப்போம்.