பன்னிரண்டாயிரம் வாட்ஸ்

2024 ஒக்டோபர் மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், ஐந்து இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியில், நமுனுகுலை மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவர்கள். கீபோர்ட், கிட்டார், பேஸ் கிட்டார், ஒக்டபாட், ஒரு பாடகர் என்று சிறியதொரு இசைக்குழு. கோயில் திருவிழா, கலியாணம், சடங்கு வீடு, பாடசாலை விழா என எங்கு அழைத்தாலும் போகிறார்கள். அதுவரை வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிச் செட்டில் காலந்தள்ளியவர்கள், சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானித்திருந்தார்கள். கையில் ஒரு கடையின் விளம்பரத் துண்டு. அதில் கொட்டை எழுத்தில் 12,000 வாட்ஸ் என்றிருந்தது.

"ஐயா, இத எடுத்தா மலையே அதிரும்" என்றார் பாடகர்.

"மலை அதிர்ந்து என்ன செய்ய, தம்பி? நீ பாடுறது விளங்குமா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

நான் நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் உழைத்தவன். இசைக்கருவி எதையும் வாசிக்கத் தெரியாது. பிறகு ஏன் என்னிடம் வந்தார்கள் என்றால், தோட்டத்துக் கோயிலின் மைக் செட்டை ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டவர் என் தந்தையார். அவருக்குக் கம்பி சுமந்தவன் நான். அந்தப் பழைய கதை ஊரில் இன்னும் உலவுகிறது. கொழும்பில் இருந்த காலத்தில் வானொலிக் கலையகத்து நண்பர்களை நச்சரித்துச் சிலவற்றைக் கற்றுக்கொண்டதும் உண்டு. அந்த அளவில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் 12,000 என்ற எண்ணைப் பார்ப்போம். அதன் பின்னால் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தார்கள். ஓர் அம்ப்ளிபயர் கண்ணிமைக்கும் நேரத்தின் ஒரு சிறு பங்கில், எல்லாம் கூடி வந்தால், எவ்வளவு தள்ளக்கூடும் என்று விற்பவர் தம் விருப்பப்படி கணக்கிட்டுப் போடும் எண் அது. அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. இசைக்குழுவொன்று பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும், தொடர்ந்து தரக்கூடிய வலுவை. அந்தத் துண்டுப் பிரசுரத்தில் அந்த எண்ணே இல்லை. இல்லாமற்போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

உண்மையான வாட்ஸாகவே இருந்தாலும், வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 500 வாட்ஸ் 1,000 ஆனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காது அதைச் சிறிதளவு வித்தியாசமாகத்தான் உணரும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். மறுபுறம், திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைந்துபோகிறது. எனவே ஸ்பீக்கர் பெட்டியை வாங்கும்போது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் அது எத்தனை டெசிபல் தருகிறது என்ற எண்ணையும் கேட்க வேண்டும். 94 தரும் பெட்டிக்குப் பதிலாக 97 தரும் பெட்டியை எடுப்பது, அம்ப்ளிபயரை இருமடங்காக்குவதற்குச் சமம்.

எங்கள் தோட்டத்துக் கோயில் முற்றத்தை எடுத்துக்கொள்வோம். மேடையிலிருந்து கடைசிப் படி வரை 16 மீற்றர் இருக்கலாம். 97 டெசிபல் பெட்டிக்கு 400 வாட்ஸ் கொடுத்தால், கணக்குப்படி ஒரு மீற்றரில் 123. பதினாறு மீற்றரில் 24 குறைந்து 99. இது ஒரு பெட்டிக்கு. நடைமுறையில் இன்னும் சில டெசிபல் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், இருநூறு முந்நூறு பேர் கூடும் முற்றத்துக்கு இப்படி இரண்டு பெட்டிகள் தாராளம். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்பதற்காக. அடுத்த தோட்டத்தார் காசு தரப் போவதில்லை.

இவ்விடத்தில் என் தந்தையாரின் செட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்வு போட்ட ஓர் அம்ப்ளிபயர். சூடாகிக் குரல் வருவதற்கே சிறிது நேரம் பிடிக்கும். சவுக்கு மரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றும் 30 வாட்ஸுக்கு மேல் இல்லை. ஆனால் கோயிலில் பூசகர் பேசினால், பள்ளத்தாக்குக்கு அப்பால் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். இதில் மாயமில்லை. குழாய் ஒலிபெருக்கி ஒரு வாட்டுக்குச் சுமார் 108 டெசிபல் தரக்கூடியது. 30 வாட்ஸ் கொடுத்தால் 123. மேலே சொன்ன 400 வாட்ஸ் பெட்டி தரும் அதே அளவு! ஆனால் மனிதக் குரலின் எல்லைக்குள் மட்டும். கீழே தாளத்தின் அதிர்வும் மேலே சலங்கையின் மினுக்கமும் அதில் வராது. அதனால்தான் அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மூக்கால் பாடியதுபோலக் கேட்டது. எனினும் சொல் கேட்டது.

இன்று நிலைமை தலைகீழ். கலியாண வீடுகளுக்கு வரும் செட்டுகளில் 18 அங்குல சப் பெட்டிகள் நான்கு நிற்கின்றன. லயத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அவற்றின் பேஸ்தான்; தகரக் கூரை நடுங்குகிறது, தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொள்கிறது. பாடகர் என்ன பாடினார் என்று முன் வரிசையில் இருந்தவருக்கும் தெரியாது. காதுக்குக் கேட்பது வேறு, மனத்துக்கு விளங்குவது வேறு. க, ச, ட, த, ப என்ற வல்லின ஓசைகள்தாம் ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டுகின்றன. பேஸ் கூடினால் முதலில் மூழ்குவதும் அவைதாம். ஆகவே சிறிய இசைக்குழுவொன்றின் முதற்காசு பாடகரின் குரலுக்கே போக வேண்டும் என்பது என் கட்சி: நல்ல ஒலிவாங்கி இரண்டு மூன்று, எட்டு வழி மிக்ஸர் ஒன்று, 12 அங்குலப் பெட்டி இரண்டு, அவற்றைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் முக்காலி இரண்டு. பெட்டி நிலத்தில் இருந்தால் முன்வரிசைக்காரர்களின் உடம்பே சத்தத்தைக் குடித்துவிடும். முக்காலியின் விலையில் கிடைக்கும் பயன் எந்த வாட்ஸிலும் கிடைக்காது. எங்கள் சரிவான நிலத்தில் அது விழுந்துவிடாமல் இருக்க, உரப் பையில் மணல் நிரப்பிக் காலில் கட்டுங்கள்.

சப் பெட்டி வேண்டியே தீரும் என்று அழைப்பவர் அடம்பிடித்தால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம்.

அம்ப்ளிபயர் தனியாகவும் பெட்டி தனியாகவும் வாங்குவதா, அம்ப்ளிபயரை உள்ளேயே வைத்த பெட்டியா என்று கேட்டார்கள். பழுதுபார்க்கச் சுலபம் முன்னையது. ஆனால் தோட்டத்தில் வாழ்பவனுக்கு எடை ஒரு பெரிய விடயம். முச்சக்கர வண்டி வரும் இடம் வரை வரும். அதற்கு மேல் நூறு படிகளைத் தோளில் தான் ஏற்ற வேண்டும். உள்ளேயே அம்ப்ளிபயர் உள்ள இக்காலத்து 12 அங்குலப் பெட்டிகள் பெரும்பாலும் 20 கிலோவுக்குள் அடங்கும். இரண்டையும் ஒரே முச்சக்கர வண்டியில் ஏற்றலாம். பழைய மரப்பெட்டிகளைச் சுமந்தவர்களின் இடுப்பைக் கேட்டால் மீதியைச் சொல்லும்.

கிட்டார்க்காரருக்குத் தனியே 20, 30 வாட்ஸில் சிறிய அம்ப்ளிபயர் ஒன்று போதும்; அதன் முன்னே ஒலிவாங்கி வைத்தால் மீதியைப் பெட்டிகள் பார்த்துக்கொள்ளும். கீபோர்டும் ஒக்டபாடும் நேராக மிக்ஸருக்குப் போகட்டும். பேஸ் கிட்டாருக்கு மட்டும் சற்றுப் பெரிதாக வேண்டும்.

நிற்க. வாட்ஸைவிட எனக்குக் கவலை தருவது மின்சாரம்.

எங்கள் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட் என்பது ஏட்டில். மின்மாற்றிக்கு வெகு தொலைவில், கம்பியின் கடைசியில் இருக்கும் லயங்களில், மாலை 7 மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் தொலைக்காட்சியும் எரியும்போது 180க்குக் கீழே இறங்கியதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இசை நிகழ்ச்சி தொடங்குவதும் அந்நேரமே. பழைய வகை அம்ப்ளிபயரில் வோல்ட் குறைந்தால் அது தரக்கூடிய உச்ச வலுவும் குறைகிறது. சத்தம் போதவில்லை என்று நாம் திருகைக் கூட்டுகிறோம். அம்ப்ளிபயரால் எட்ட முடியாத இடத்தில் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலைதான் மேல் ஓசைக்கான சிறிய ஸ்பீக்கரைச் சுட்டெரிக்கிறது. இந்த இளைஞர்கள் முந்திய ஆண்டு வாடகைக்கு எடுத்த செட்டில் இதுவே நடந்திருக்கிறது. கூடுதல் வலுவால் எரிந்தது என்று எண்ணி, மூன்று நிகழ்ச்சிகளின் வருமானத்தை நட்டஈடாகக் கட்டினார்கள். உண்மையில் அது வலு போதாமல் எரிந்தது. பெட்டியின் பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது உயிர். என் பத்திரிகை வாழ்வில் பலமுறை எழுத நேர்ந்த, ஒருமுறையேனும் எழுதாமல் இருந்திருக்கலாமே என்று நினைக்கும் செய்தி ஒன்று உண்டு: திருவிழாவில் மின்சாரம் தாக்கி இளைஞர் பலி. ஊவாவில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை. அதன் பின் தை வரை வடகீழ்ப் பருவமழை. ஈரத் தரையில், வெறுங்காலில், ஒரு கையில் கிட்டாரின் இரும்புத் தந்தி, உதட்டருகே இரும்பு வலை போட்ட ஒலிவாங்கி. எங்கோ ஓரிடத்தில் நிலக்கம்பி அறுந்திருந்தால் போதும். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வருகிறது என்பதற்காகப் பிளக்கின் நிலமுள்ளை ஒடித்துவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த இளைஞர்களின் சாமான்களைப் பார்த்தேன். நான்கு பிளக்குகளில் இரண்டு ஒடிந்திருந்தன. இரைச்சலுக்கு வேறு மருந்துகள் உள்ளன. எல்லாச் சாமான்களையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்வது முதல் மருந்து. புதுப் பெட்டி வாங்கும் முன்பே ஒரு ட்ரிப் சுவிட்ச் பொருத்திய இணைப்புப் பலகையை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு செய்துகொள்ளச் சொன்னேன். அதுதான் அவர்கள் வாங்கிய முதற் பொருள்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பின், வெளிநாட்டுச் சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகி, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாயிற்று. ஒரு பெட்டி ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் 111 நாட்கள் வேறெதற்கும் செலவழிக்காமல் மலையேறிக் கொழுந்து பறித்த காசு அது. இந்த ஐவரும் அடகு வைக்க எடுத்து வந்தவை அம்மாமாரின் சங்கிலிகள். 12,000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போடுபவர்களின் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

பழையது வாங்குவதானால், முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். உரசலும் கரகரப்பும் மெல்லிய சத்தத்தில்தான் காட்டிக்கொடுக்கும். விற்பவர் உரக்கப் போட்டுக் காட்டுவதும் அதற்காகத்தான். மோந்தும் பாருங்கள், எரிந்த கம்பிச்சுருளின் வாடை இலேசில் போகாது. பெயர் பெற்ற ஒலிவாங்கி பாதி விலைக்குக் கிடைத்தால் அது போலி என்றே கொள்க.

இன்னொன்று. 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவின் தலைமையில் உயர் நீதிமன்றம் அளித்த கட்டளைப்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது. விசேட நிகழ்வுகளுக்குப் பொலிஸார் மட்டுப்படுத்திய நேரத்துக்கு அனுமதிக்கலாம். தோட்டங்களில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பார்கள். முறைப்பாடு வரும்வரைதான் அது சரி. நாலு சப் வைத்தவனுக்கு எதிராக முறைப்பாடு வரும். சத்தமாகவே பார்த்தாலும், 100 டெசிபலில் நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மேல் நிற்பது காதுக்குக் கேடு என்பது தொழிற்சுகாதார அளவுகோல். திருவிழாவில் சிறுபிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியின் வாய்க்கு முன்னால்.

அவர்கள் முடிவில் ஐந்து சங்கிலிகளில் மூன்றை மட்டும் அடகு வைத்து, பழைய 12 அங்குலப் பெட்டிகள் இரண்டும் மிக்ஸரும் வாங்கினார்கள். 2025 சித்திரையில் அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கடைசிப் படியில் நின்றேன். நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடலொன்றைப் பாடினார்கள். சொல் சொல்லாக விளங்கியது. பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி கூடவே முணுமுணுத்தாள். இடையில் தப்புக் கோஷ்டி வந்தபோது, ஒலிவாங்கியைத் தப்பின் முன்னே நீட்டாமல் அணைத்துவைத்தார்கள். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்து மலை முழுவதையும் எழுப்பிய தோல் அது, அதற்கு எதற்கு மைக்!

எல்லாம் நலமே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அதற்கு அடுத்த மாதம் ஹாலி எலயில் ஒரு கலியாண மண்டபத்தில், "சவுண்ட் பத்தல" என்று சொல்லி மணமகளின் மாமா பேசிய தொகையில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவே பாடகர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, ஒரு சப்பாவது வாங்கிருவமா?"

வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைக் கலியாண வீட்டாரின் கணக்கிலேயே முன்கூட்டிப் போடச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை. மூன்று சங்கிலிகளில் ஒன்று இன்னும் அடகில் இருக்கிறது. அது மீண்ட பிறகு கதைப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.