மண் குறைந்த பிள்ளை

தட்டைக் கீழே போட்டு, வரும் சத்தத்தைத்தான் சீனர்கள் பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். லூ சுன் 1921இல் எழுதிய 'சொந்த ஊர்' கதையைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

அதில் ருன்தூ என்று ஒரு குடியானவப் பையன். 'ருன்' என்றால் அதிக மாதம், 'தூ' என்றால் மண். அதிக மாதத்தில் பிறந்தவன், ஜாதகத்தில் மண் இல்லை. இல்லாததை அப்பா பெயரில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் கணக்கில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. நம் காற்றும் ஆகாயமும் அதில் கிடையாது. பிறந்த வருஷம், மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு எழுத்து. அந்த எட்டையும் பார்த்து எது குறைகிறது என்று சொல்வார்கள். நீர் குறைந்தால், நீரைக் குறிக்கும் எழுத்தை மூன்றாக அடுக்கிய 'மியாவ்' என்ற எழுத்தைச் சேர்க்கலாம். பூனையை நினைக்காதீர்கள், பரந்து விரிந்த வெள்ளம் என்று பொருள். உலோகத்தை மூன்றாக அடுக்கினால் 'ஷின்', செல்வச் செழிப்பு. ஆனால் இதயமும் 'ஷின்', புதியதும் 'ஷின்', தொனிகூட ஒன்றே. எழுதிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். சத்தத்தை மட்டும் கேட்டுச் சிரித்த நமக்கு அந்தப் பெயர் பாதிகூட வந்து சேரவில்லை.

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பிள்ளையின் குறையைப் பெயரால் நிரப்பப் பார்த்த அந்த அப்பாவை எனக்குப் பிடிக்கிறது. பிடிக்காத பெயர் ஒன்றும் உண்டு: 'ஜாவோதி'. தம்பியைக் கூட்டி வா என்று அர்த்தம், பெண் குழந்தைக்கு வைப்பது. அங்கே குறை பெற்றவர்களுடையது, சுமப்பது குழந்தை. நம் பக்கத்துப் 'போதும்பொண்ணு'களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ருன்தூவின் அப்பா பெயரோடு நிற்கவில்லை. பிள்ளை செத்துவிடக் கூடாதே என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு, கழுத்தில் வெள்ளி வளையமும் போட்டார். இருபது வருஷத்துக்கு மேல் கழித்துக் கதைசொல்லி ஊர் திரும்பும்போது, அந்த விளையாட்டுத் தோழன் அவரை 'ஐயா' என்கிறான். நிறையப் பிள்ளைகள், பஞ்சம், வரி, சிப்பாய்கள், கொள்ளைக்காரர்கள். வீட்டைக் காலி செய்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேசை, நாற்காலியோடு அவன் அடுப்புச் சாம்பல் முழுவதையும் கேட்கிறான். அவனுடைய மணல் நிலத்துக்கு எரு.