நூலின் அளவும் நூலாசிரியர் பொறுப்பும்

தம் கைப்பொருளைச் செலவிட்டு நூல் வெளியிடுவோர் காவிரிப் படுகையில் என்றும் குறைந்ததில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் தம் ஊர் வரலாற்றைத் தொகுக்கிறார். இளங்கவிஞர் தம் முதற் கவிதைகளைத் திரட்டுகிறார். எழுத்துக்கு ஆண்டுக் கணக்கில் உழைத்த இவர்கள், அச்சகத்தார் 'என்ன அளவு?' என்று வினவும்போது மட்டும் நொடிப்பொழுதும் எண்ணாமல் 'டெம்மி' என்று விடையிறுத்து விடுகின்றனர். இப்பழக்கம் நூலுக்கும் நல்லதன்று, கைப்பொருளுக்கும் நல்லதன்று என்பது நம் கருத்து.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்து ஓலைச்சுவடிகளைக் கண்ட மாணவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். ஏட்டின் அகலத்தை ஏடெழுதியவர் தீர்மானிக்கவில்லை, பனைமரம் தீர்மானித்தது. செய்யுளையும் அடி பிரிக்காமல் தொடர்ச்சியாகவே எழுதிச் சென்றனர். அடி பிரித்து, ஓரம் விட்டு, பக்கம் வகுக்கும் உரிமை அச்சு வந்த பிறகே நமக்கு வாய்த்தது. வாய்த்த உரிமையை அச்சகத்தார் தலையில் கட்டிவிட்டு வாளாவிருத்தல் தகுமா?

இவ்வுரிமையை முழுமையாக ஆண்டவர் நம் தஞ்சையிலேயே வாழ்ந்தார். ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்னும் தம் இசைப் பெருநூலை 1917ஆம் ஆண்டு தமது சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்நூலில் சுருதிக் கணக்குகள் அட்டவணை அட்டவணையாக விரிகின்றன. அத்தகைய நூலுக்கு அகன்ற பக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுபது பக்கக் கவிதைத் தொகுதிக்கும் விழா மலரின் அளவு எதற்கு? பெரிதாக இருந்தால் பெருமை என்று கருதுகிறார்களோ என்னவோ!

நம்மிடையே பெருவழக்காயுள்ள அளவுகள் இரண்டு. கிரவுன் 1/8 என்பது ஏறத்தாழ 12.5 செ.மீ. அகலமும் 18.5 செ.மீ. உயரமும் உடையது. டெம்மி 1/8 ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் உடையது. பரப்பளவில் டெம்மி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிது. எனவே கிரவுனில் 128 பக்கம் வரும் செய்தி டெம்மியில் 96 பக்க அளவில் அடங்கிவிடும். பதினாறு பக்கம் ஒரு பாரம் எனக் கொண்டால் எட்டுப் பாரம் ஆறாகிறது. அச்சுக்கூலி குறையும் என்று மகிழலாம். ஆனால் நூல் மெலிந்துவிடும். முதுகில் பெயர் பொறிக்க இடமின்றிக் கம்பித் தையல் போட்ட சிறுநூல், நூலக அடுக்கில் இரு தடித்த நூல்களுக்கிடையே மறைந்து போவதைக் காண்கிறோம். சிறிய உரைநடை நூலுக்குக் கிரவுனே ஏற்றது. பாபநாசத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வரும் மாணவர் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் நூலையும் பற்றிக்கொள்ளலாம்.

செய்யுளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. வெண்பாவின் நாற்சீரடி கிரவுன் பக்கத்தில் இனிதே அமரும். எண்சீர் விருத்தத்தின் அடியோ அங்கே முறிந்து, நான்கடிப் பாடல் எட்டு வரியாகிவிடும். எதுகை எங்கே நிற்கிறது எனப் படிப்பவர் தேட வேண்டிவரும். 5027 விருத்தப்பாக்களால் ஆன சீறாப்புராணம் 1842இல் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்களால் அச்சேறியது. அத்தகைய காப்பியங்களையும், படைப்போர், நாமா போன்ற நம் பழைய இலக்கியங்களையும் மறுபதிப்புச் செய்ய முன்வரும் அன்பர்கள் டெம்மிக்குக் குறையாத அளவையே கொள்ளுதல் வேண்டும்.

இப்போது மூன்றாவது அளவொன்று பரவி வருகிறது. கணினி வழியே வேண்டிய படிகளை மட்டும் அச்சிடும் முறையோடு வந்த ஆறுக்கு ஒன்பது அங்குல அளவு அது. பத்துப் படி, இருபது படி எடுப்போர்க்குக் குறையில்லை. ஆயிரம் படிகளை ஆப்செட்டில் அடிப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 22.5க்கு 35 அங்குலமுள்ள இரட்டை டெம்மித் தாளில் டெம்மி அளவு பதினாறு ஏடுகள் கிடைக்கும். ஆறுக்கு ஒன்பதோ பத்துக்கு மேல் தேறாது. எஞ்சியது கழிவு, அதற்கும் காசு கொடுத்தவர் நூலாசிரியரே. அந்த அளவுதான் வேண்டுமெனில் 25க்கு 36 அங்குலத் தாள் கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். அதில் பதினாறு ஏடுகள் தேறும். ஆயின் உயரத்தில் ஓரம் வெட்டச் சிறிதும் இடமிராது, ஆகவே நூலின் உயரம் சற்றே குறையும்.

ஓரத்தைப் பற்றியும் ஒரு சொல். வரப்பையும் வெட்டி வயலாக்குபவரை நம் ஊரில் எவரும் மெச்சுவதில்லை. பக்கம் மிச்சம் பிடிக்க ஓரத்தைச் சுருக்குவோரை மட்டும் சிக்கனக்காரர் என்கிறோம். பசையிட்டு ஒட்டிய தடித்த நூலில் உள்ளோரம் இரண்டு செ.மீ. அளவேனும் இல்லையெனில் வரியின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் முதுகுப் பள்ளத்துள் புதைந்துபோகும். விரித்துப் படித்தால் நூல் பிளந்துவிடும்.

நூல் வெளியிட எண்ணும் மாணவர்க்கு நாம் சொல்வது இதுவே. முன்பணம் கொடுக்கும் முன்னர், கருதிய அளவில் எட்டுப் பக்கங்களை அச்செடுத்து வெட்டுங்கள். அவற்றை வீட்டிலுள்ள முதியவர் கையில் கொடுத்து மாலை வெளிச்சத்தில் படிக்கச் சொல்லுங்கள். அவர் தாளைக் கண்ணருகே கொண்டு போனால் எழுத்தின் அளவை மாற்றுங்கள். அடிக்கடி கையை மாற்றினால் பக்கத்தின் அளவை மாற்றுங்கள்.