கவுன்சிலிங் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"சார், நல்ல கவுன்சிலர் யாராவது தெரியுமா? பொண்ணு ஒரு பொண்ணோடதான் இருப்பேங்குறா. பேசி மாத்தணும்." வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் இப்படியும் கேட்கிறார்கள். பெற்ற வயிறு பதறுகிறது, புரிகிறது. ஆனால் கவுன்சிலிங் என்றால் பிள்ளையை மாற்றி வாங்கி வருவது என்று நினைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த விஷயம் நமக்குப் பக்கத்தில், மதுரையில் நடந்ததுதான். 22, 20 வயதுள்ள இரண்டு பெண்கள். ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று பெண்கள் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்.

அவர் முதலில் கவுன்சிலிங்குக்குத்தான் அனுப்பினார். ஆனால் அந்தப் பெண்களை மட்டுமல்ல, பெற்றோரையும் அனுப்பினார். உளவியலாளர் வித்யா தினகரன் தனித்தனியே பேசி அறிக்கை கொடுத்தார். பெண்களுக்குத் தங்கள் உறவைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை. பெற்றோர் மீது பாசம் இருக்கிறது. அவர்கள் மனம் மாறும் வரை காத்திருக்கவும் தயார். குழப்பமெல்லாம் பெரியவர்களிடம். ஊர் என்ன சொல்லும், வம்சம் என்ன ஆகும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு யார்? இப்படி ஒரு பெண்ணோடு வாழ்வதைவிடக் காலம் முழுக்கத் தனியாகவே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார்கள்.

அதற்கு மேல் நடந்ததை நான் எந்தக் கோர்ட்டிலும் கேள்விப்பட்டதில்லை. நீதிபதி தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு இல்லை என்று சொல்லி, அதே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். பிறகுதான், 2021 ஜூன் 7 அன்று, விரிவான உத்தரவு. 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைக்குத் தடை. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. போலீஸ் நடத்தை விதிகளையும் தமிழக அரசு திருத்தியது. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்து தருகிறேன் என்று பணம் வாங்குபவரை நாம் டாக்டர் என்றா சொல்வோம்?

சரி, சேர்ந்து வாழ்கிற ஜோடிக்குக் கவுன்சிலிங்கே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. நம் வீடுகளில் புருஷன் பொண்டாட்டி சண்டை என்றால் மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆத்தா வரை வந்து உட்கார்ந்து பேசிவிடுவார்கள். பாதி சண்டை அந்தக் காபியிலேயே கரைந்துவிடும். இவர்களுக்கு அப்படி வர யார் இருக்கிறார்கள்? வீட்டு வாடகை, சம்பளம், யார் சமைப்பது, "உங்க அம்மா போன் பண்ணினா ஏன் அழுற" என்று அவர்களுக்கும் அதே சண்டைதான். வெளியே சொன்னால், "அப்பவே சொன்னோமே" என்று பிரித்துவிடக் காத்திருக்கும் உறவு. அதனால் உள்ளேயே வைத்துப் புழுங்குகிறார்கள். வீடு எடுக்கும்போது அக்கா தங்கை என்று பொய் சொல்ல வேண்டியிருந்தால், அதுவே தினமும் ஒரு பாரம்.

கொடைக்கானல் போகும் புதுமணத் தம்பதிகள் நம் வத்தலக்குண்டு வழியாகத்தான் போகிறார்கள். சிரித்தபடி வழி சொல்கிறோம். அதே ஊரில் இவர்கள் குனிந்தபடி நடக்க வேண்டியிருக்கிறது.

2023இல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குத் திருமண உரிமை தரவில்லை. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது. சட்டம் மெதுவாக நகர்கிறது. பேசித் தெளிய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். பெற்றோர்களே, முதலில் நீங்கள் உங்களுக்காகக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. அந்த 2021 உத்தரவில், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு இதைப் புரியவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பி.டி.ஏ. கூட்டத்தில் மார்க்கும் கட்டடமும் பேசுவோம், இதைப் பேசிப் பார்த்ததில்லை. நம் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விவரம் தெரிந்த ஒரு உளவியலாளரை மதுரையில் இருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. பஸ் செலவும் என்னுடையதே.